மிச்சமிருக்கும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயது. போன மாதம் பேதியானபோது கடையில் லோபரமைடு மாத்திரையில் பாதி கொடுத்தார்கள். பேதி நின்றது, ஆனால் வயிறு உப்பி இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. இப்போது மறுபடியும் பேதி. மிச்சப் பாதியைக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: வேண்டாம் அம்மா, அதை இப்போதே தூக்கி எறிந்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் அந்த மருந்தே கூடாது. அது கிருமியைக் கொல்வதில்லை, குடலின் அசைவை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். பிஞ்சுக் குடல் சில நேரம் அப்படியே ஓய்ந்துபோகும், நீர் உள்ளேயே தேங்கி வயிறு மத்தளம் மாதிரி ஆகும், வெளியே பேதி இல்லாததால் குழந்தை காய்ந்துபோவது நமக்குத் தெரியாது. அன்று நீங்கள் பார்த்த உப்பல் இதனால் வந்திருக்கலாம்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக் கூடாது. லாரித் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலும் குழைந்த சோறும் தொடரட்டும். டாக்டரிடம் கேட்டு ஜிங்க் (துத்தநாக) மருந்து தினமும் 20 மில்லிகிராம், 14 நாள்.

அப்புறம் ஒன்று: சில சளி சிரப்புகளும் குடலை மந்தமாக்கும், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நேர்மாறாக வயிற்றை முடுக்கிவிடும். அதனால் வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.