பம்பு டிசைனரிடம் கேளுங்கள்: வேலை நேரம் எங்கே போகிறது?

பீளமேட்டில் முப்பது வருடம் பம்பு டிசைன் செய்தவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயம் மாணவர்: அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டிசைன் வேலை இருக்குமுங்க?

இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. மீதி நேரம் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி, பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட், மீட்டிங். கணித மேதை பாயின்கேரேவே காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 என்றுதான் கணக்குப் போட உட்கார்ந்தார் தம்பி. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரை வரையும்போது ஹெட் (நீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியே வரும் நீரின் அளவு), குதிரைத்திறன் மூன்றும் ஒன்றாக மனதில் நிற்க வேண்டும். நடுவில் ஒருவர் "ஒரு நிமிஷமுங்க" என்று கூப்பிட்டால் எல்லாம் கலைந்துவிடும். காலை 8 முதல் 10 வரை என் மேசைக்கு யாரையும் விட்டதில்லை. அந்த நேரத்தில் போனைத் தொடாதீர்கள்.

அவிநாசி வாசகர்: தினமும் எவ்வளவு நேரம் டிசைன் செய்வீங்க?

மேலே இருக்கிறது.

வேளாண் மாணவி: ஆராய்ச்சியில் 9 முதல் 5 வரை மட்டும் வேலை செய்ய முடியுமா ஐயா?

என் துறை இல்லை அம்மணி. ஆனால் பயிர் ஆராய்ச்சியில் பயிர்தான் கடிகாரம். இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதால்தான் 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. பூப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். ரகங்களைக் கலப்புச் செய்கிறவர்கள் அப்போது காலையிலேயே வயலில் நிற்க வேண்டும். உங்கள் பேராசிரியரிடம் பூக்கும் பருவத்து அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள்.

சிங்காநல்லூர் பவுண்டரிக்காரர்: பவுண்டரியில நிக்கறது உங்களுக்கு 'மீதி'யாங்க?

அந்தச் சொல் தப்புதான். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் ஒரு மோனோபிளாக்கில் டிஸ்சார்ஜ் குறைந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் மேசையில் இம்பெல்லரின் கோணத்தை மாற்றி மாற்றி வரைந்தேன். கடைசியில் உங்களைப் போன்ற வார்ப்பு அச்சு செய்யும் ஒரு மோல்டர்தான் வார்ப்பை அறுத்துக் காட்டினார். உள்ளே வெற்றிடம் கிடைக்க அச்சில் வைக்கும் கோர் நகர்ந்து, நீர் போகும் வழி ஒரு பக்கம் குறுகியிருந்தது. முதல் நாளே அங்கே போயிருந்தால் அந்த வாரம் மிச்சம்.

அதே பவுண்டரிக்காரர்: நாங்க ராத்திரிதான் உருக்கறோம். அப்ப உங்க 8 மணி என்னாகும்?

உருக்கும் நாளில் அந்த விதி கிடையாது. இரவு நின்றால் மறுநாள் காலை தூங்க வேண்டும். தூங்காமல் வந்து ஒருமுறை ஷாப்ட் விட்டத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். கடைசல் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஈரோடு வாசகர்: ஓவர்டைம் சட்டம் என்ன சொல்லுது?

தொழிற்சங்கத்திலோ வக்கீலிடமோ கேளுங்கள்.

பெருந்துறை வாசகர்: டிசைனுக்கு எத்தனை மணி நேரமுங்க?

மூன்றாவது தடவை! முதல் பதிலைப் படியுங்கள்.

அன்னூர் டிப்ளமோ மாணவர்: டெஸ்ட் பெட்டில் பாதி நேரம் சும்மா நிற்கிறேன் சார். வீண்தானே?

வீண் இல்லை. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தால்தான் ரீடிங் சரியாக வரும். அந்த நேரத்திலும் போனை எடுக்காதீர்கள். பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி கேட்டால் அது கேவிடேஷன், அதாவது நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைவது. நீரை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம் போய்ப் பாருங்கள்.