மகள் ஓவியராக விரும்புகிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பொழுதெல்லாம் டேப்லெட்டில் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் பாத்திரங்களை வரைந்துகொண்டிருக்கும் மகள், பள்ளிப் படிப்பு முடிந்ததும் எந்த நிறுவனத்திலும் சேராமல் தனித்துப் பணி ஏற்கும் ஃப்ரீலான்ஸ் டிஜிட்டல் ஓவியராகப் போவதாகச் சொல்கிறாள், இது பிழைப்புக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும். ஆனால் மற்றவர்கள் படைத்த பாத்திரங்களை வரைவதோடு அவள் நின்றுவிடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய இருபது படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். கூந்தலில் ஒளி விழும் இடத்தை அவள் கவனித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், கற்றுக்கொடுத்து வருவதல்ல அது என்றே தோன்றுகிறது. அதே சமயம், இருபதில் பதினேழு படங்களில் முகம் இடப்பக்கமாகவே சற்றுத் திரும்பியிருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பைக்குள்ளோ மறைந்திருக்கின்றன. பின்னணியில் ஒரே வண்ணப் பூச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. வரையக் கடினமானவற்றை இப்படி ஒதுக்கியிருப்பது, பணி கொடுப்பவரின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். புத்தக அட்டைக்கோ விளையாட்டுச் செயலிக்கோ ஆள் தேடுபவர், ஒரே பாத்திரத்தை முன்னிருந்தும் பின்னிருந்தும், ஓடும்போதும் அழும்போதும் இவரால் வரைய முடியுமா என்பதையே அவரது போர்ட்ஃபோலியோவில், அதாவது படைப்புத் தொகுப்பில், தேடுகிறார்.

பிறர் படைத்த பாத்திரங்களை ரசிகர்கள் வரையும் ஃபேன் ஆர்ட் (ரசிகர் ஓவியம்) குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இளைஞர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். பதிப்புரிமை குறித்த 1886-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், ஒரு படைப்பைத் தழுவி வேறொன்றை உருவாக்க அனுமதிக்கும் உரிமை மூலப் படைப்பாளியிடமே இருக்கிறது. ஆகவே, ஒரு பாத்திரத்தைத் தம் கையாலேயே வரைந்திருந்தாலும், அதை அச்சிட்டு விற்பதற்கான உரிமை அதனால் மட்டும் வந்துவிடுவதில்லை. ஜப்பானில் 1975 டிசம்பர் முதல் நடந்துவரும் காமிக்கெட் சந்தையில் ரசிகர்கள் தாங்களே வரைந்த இதழ்களை விற்கிறார்கள் என்று உங்கள் மகள் எடுத்துக்காட்டலாம். அங்கும் உரிமையாளர்கள் பெருமளவு கண்டும் காணாமல் விடுவதால்தான் அது நடக்கிறது, அந்தப் பொறுமை எந்நாளும் நீடிக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2007-இல் வெளியான பாடும் மென்பொருளின் பாத்திரமான ஹாட்சுனே மிகுவைப் போலச் சில பாத்திரங்களுக்கு, வணிக நோக்கமின்றி வரைவோருக்கான விதிகளை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. எந்தப் பாத்திரத்தை வரைந்தாலும் அத்தகைய விதிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இப்போதே வர வேண்டும்.

இதனால் ஃபேன் ஆர்ட்டை அவள் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதியவரின் படத்தை முன்பின் தெரியாதவர்கள் நின்று பார்ப்பது, அதிலிருக்கும் பாத்திரத்தை அவர்கள் ஏற்கெனவே நேசிப்பதால்தான். அப்படி வந்தவர்கள் அடுத்து பார்ப்பது அவளுடைய சொந்தப் பாத்திரமாக இருக்க வேண்டும். பத்துப் படங்கள் வரைந்தால் அவற்றில் குறைந்தது ஆறு அவளுடைய கற்பனையாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

வருமானம் பெரும்பாலும் தனிநபர்கள் கேட்பதைக் கட்டணத்துக்கு வரைந்து தரும் கமிஷன் பணிகளில் தொடங்கி, சிறுவர் நூல்கள், அட்டைப்படங்கள், விளையாட்டுகளுக்கான பாத்திர வடிவமைப்பு என்று விரியும். இங்கே திறமைக்கு இணையாகக் காப்பது எழுத்தில் உள்ள உடன்பாடு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர், வாய்ப்பேச்சை நம்பி ஒரு சுவரொட்டிக்குப் படம் வரைந்தார். பதினொரு முறை திருத்தம் கேட்டவர்கள், கடைசியில் படம் அச்சுக்குப் போதவில்லை என்று கூறிப் பணம் தராமலே விலகிவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் அந்தக் கோப்பு நீளமும் அகலமும் 1080 பிக்சல்களே (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) இருந்தது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்ற கணக்கில் அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கு மேல் தாங்காது. ஏ4 தாளுக்கே 2480-க்கு 3508 பிக்சல் தேவை. எந்த அளவு, எதற்குப் பயன்படும், எத்தனை திருத்தம், உரிமை முழுவதும் கைமாறுகிறதா அல்லது பயன்படுத்தும் அனுமதி மட்டும் தரப்படுகிறதா என்பதையெல்லாம் முதல் கோடு போடுவதற்கு முன்பே எழுதிக்கொண்டு, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று, பென்சில் வரைவு, கோட்டோவியம், வண்ணம் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புதல் வாங்கியிருந்தால், அவருடைய ஒரு மாத உழைப்பு வீணாகியிருக்காது.

விலை உயர்ந்த கருவிகளுக்காக இப்போது கடன் வாங்காதீர்கள். கையில் இருக்கும் டேப்லெட் போதும். கணினியில் வரைய விரும்பினால் கிரீட்டா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2022 முதல், சில சொற்களைத் தட்டினால் படம் உருவாக்கித் தரும் கருவிகள் பரவலாகிவிட்டன. அழகான ஒற்றை முகப் படத்தை மட்டும் வரைபவர்களே அதனால் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். கதையைப் படித்து, எந்தக் கணத்தை வரைய வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, முப்பது பக்கங்களிலும் அதே குழந்தையை அதே குழந்தையாகவே வைத்திருக்கக் கூடியவரின் தேவை இன்னும் இருக்கிறது. உடற்கூறும், தொலைவையும் ஆழத்தையும் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் விதிகளும் முறையாகக் கற்றுத்தரும் ஒரு கலை அல்லது வடிவமைப்புப் படிப்பில் அவளைச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். பட்டத்தை மட்டும் பார்த்து இத்துறையில் பெரும்பாலும் யாரும் பணி தருவதில்லை. ஆனால் மற்றவர் குறை சொல்லத் திருத்தி வரையும் பழக்கம் வகுப்பறையில் விரைவாக வரும். படிக்கும்போதே சிறு கமிஷன்களை ஏற்கட்டும். ஒரு மாதம் நிறையவும் மறுமாதம் ஒன்றுமில்லாமலும் வரும் வருமானத்தைக் கையாள்வது எப்படி என்பது வீட்டின் ஆதரவு இருக்கும்போதே தெரிந்துவிடுவது நல்லது. மணிக்கு ஒரு முறையாவது எழுந்து மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு யோசிப்பது தாமதமாகிவிடும்.

அடுத்த மூன்று மாதங்களுக்கு அவளுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் இன்னொருவரிடம் குடையைக் கொடுக்கும் காட்சியை, தன் சொந்தப் பாத்திரங்களைக் கொண்டு மூன்று வெவ்வேறு கோணங்களில் வரையட்டும். நனைந்த சாலையும் இருக்கையும் பின்னணியில் தெரிய வேண்டும். முடித்ததும், பென்சில் வரைவுகளோடு சேர்த்து முழு அளவுக் கோப்புகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடையைக் கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும்தான் முதலில் பார்ப்பேன்.