கேட்சர் இடத்தை விட்டால் ஆட்டம் முடிந்துவிடாது

வணக்கம். பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடும் உங்கள் மகனுக்கு, முகக்கவசத்தில் பந்து மோதி மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. பயிற்சியாளர் முதல் பேஸுக்கு, அதாவது அந்த பேஸைக் காக்கும் இடத்துக்கு, மாறச் சொல்கிறார், அவனுடைய பேஸ்பால் கனவு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. ஜோ மாவரைப் பாருங்கள். மினசோட்டா ட்வின்ஸ் என்ற அமெரிக்க அணியின் கேட்சராக இருந்தவர். 2006, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கப் பெரிய பேஸ்பால் போட்டியின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மட்டையடி சராசரியில் முதலிடம். 2013 ஆகஸ்டில், மட்டையை உரசித் திசைமாறிய பந்து அவருடைய கவசத்தில் மோதியது. அந்தப் பருவமே அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு முதல் பேஸுக்குப் போனார், 2018 வரை ஆடினார். மட்டையடியில் பழைய உச்சம் திரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 2024இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

பையன் எவ்வளவு கெஞ்சினாலும், தலைவலியும் கண்கூச்சமும் முற்றிலும் நீங்கி, ஆடலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வரை அவனை எந்த இடத்திலும் இறக்காதீர்கள்.