சிறிய வட்டத்தில், ஒரே பொருளில் எல்லோரும் எழுதும் மாத நிகழ்வைத் தொடங்குவது எப்படி?

பறவை பார்ப்பவர்கள் சிலர் மட்டுமே உள்ள உங்கள் குழுவில், மாதம் ஒரு பொருளைக் கொடுத்து எல்லோரையும் எழுத வைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் இதே போன்ற ஒரு வட்டத்தில் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆள் சேர்ப்பதற்கு முன்பு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடுங்கள். நான் பார்த்த வரையில், இத்தகைய முயற்சிகள் தொடங்கிய வேகத்திலேயே சோர்ந்துபோவதற்குப் பொருள் மிக அகலமாக இருப்பதே பெரும்பாலும் காரணம்.

‘பறவைகளும் நாமும்’ என்று அறிவித்தால் பள்ளிக்கூடக் கட்டுரைகள்தாம் வந்து சேரும். ‘இந்த மாதம் உங்கள் வீட்டைச் சுற்றிக் கண்ட சின்னான்’ என்று அறிவித்துப் பாருங்கள். சின்னானை, அதாவது புல்புல் என்னும் கொண்டைக்குருவியை, பார்க்காதவர் எவரும் இல்லை என்பதால், புதிதாக வந்தவரும் தயங்காமல் எழுதுவார். எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்தால் உயரம் சுமார் 1,500 மீட்டர். கீழே தோட்டங்களில் வழக்கமாகத் தென்படுவது வாலடி சிவந்த சின்னான். மேலே காப்பித் தோட்டங்களில் கூரான கருங்கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் கொண்ட செம்மீசைச் சின்னான். கீழே நகரத்து அஸ்தம்பட்டிக்காரர் ஒன்றையும் மேலே எஸ்டேட்டில் குடியிருப்பவர் மற்றொன்றையும் எழுதி, இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்படும்போது, எந்த வளைவுக்கு மேல் ஒன்று குறைந்து மற்றது கூடுகிறது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. தனியாக எழுதிய எவருக்கும் தோன்றியிராத அந்தக் கேள்விக்காகத்தான், என் கருத்தில், ஒரே பொருளில் எழுத வேண்டும். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் நம் பழைய வழக்கமும் இப்படிப்பட்டதே; எல்லோருக்கும் அடி ஒன்றாக இருப்பதால்தான் புலவருக்குப் புலவர் வேறுபடுவது தெரிகிறது.

பொருள் பருவத்தோடு ஒட்டியிருப்பதும் முக்கியம். வடக்கே இனப்பெருக்கம் முடித்த ஆறுமணிக்குருவிகள் அக்டோபர் வாக்கில் நம் பக்கம் வந்துசேர்கின்றன. அப்போது அவற்றில் சில களைத்துப்போய் நகரத்து வீட்டு வளாகங்களிலும் இறங்குவதுண்டு. ஆகவே அதைப் பொருளாக வைப்பதானால் செப்டம்பரிலேயே அறிவித்துவிட வேண்டும். பறவை வந்து போன பிறகு அறிவித்தால் நினைவிலிருந்து எழுதுவார்கள், நினைவு எல்லாவற்றையும் அழகாக்கிவிடும். அதேபோல் உறுப்பினர்களின் பருவத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் தோட்டத்து நண்பர்களிடம் நீண்ட கட்டுரையை எதிர்பார்க்க இயலாது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையின் 4 நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் போதும் என்பது அதன் விதி. ஜனவரி மாதப் பொருளாக அந்தப் பதினைந்து நிமிடத்தையே வைத்துவிட்டால், எப்படியும் பார்க்கப்போகிறவர்கள் கூடவே எழுதியும் விடுவார்கள்.

அடுத்தது தொகுப்பாளர். வந்த கட்டுரைகளை வெறுமனே வரிசையாக அடுக்கினால் யாரும் பிறருடையதைப் படிப்பதில்லை. யார் எதைக் கண்டார், யாருடைய குறிப்பு யாருடையதோடு முரண்படுகிறது என்று இரண்டு மூன்று பத்திகளில் கோத்து எழுதும் ஒருவர் ஒவ்வொரு மாதமும் வேண்டும். இந்தப் பொறுப்பைச் சுற்றில் விடுங்கள். ஒருவரே தொடர்ந்து செய்தால் அது அவருடைய நிகழ்வாகிவிடும், அவர் ஊருக்குப் போன மாதத்தில் நின்றுபோகும். அடுத்த மாதப் பொருளை அந்த மாதத் தொகுப்பாளரே தேர்ந்தெடுக்கட்டும்.

விதிகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: கூடு இருக்கும் இடத்தையோ, ஆந்தை பகலில் தங்கும் மரத்தையோ அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது, படம் எடுக்க வருகிற கூட்டம் பறவையை அங்கிருந்து விரட்டிவிடும். புகைப்படம் கட்டாயமில்லை என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் இருந்தாக வேண்டும் என்று நினைத்துத்தான் பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் நல்ல குறிப்புகள் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வருகின்றன. சிறந்த கட்டுரைக்குப் பரிசு என்ற யோசனையும் எங்கள் குழுவில் வந்தது. நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். பரிசு வைத்தால் அரிய பறவையைத் தேடி ஓடுவார்கள், சின்னானைப் பற்றி எழுத ஆளிருக்காது.

முதல் மாதத்துக்குப் பொது அறிவிப்பை மட்டும் நம்ப வேண்டாம். நான்கைந்து பேரைத் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, “ஒரு பக்கம் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள்” என்று கேளுங்கள். அவர்களுடைய கட்டுரைகள் கைக்கு வந்த பிறகு பொது அறிவிப்பை விடுங்கள்.