ஊர் எப்போது நகரமாகிறது? வேலூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எத்தனை பேர் இருந்தால் ஒரு கிராமம் நகரம் ஆகும் சார்? (கே.வி.குப்பத்திலிருந்து ஒருவர்)

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு மூன்று அளவுகோல் உண்டு தம்பி. குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இது மூன்றும் பொருந்தினால் அவர்கள் புத்தகத்தில் அது நகரம். ஆனால் அரசாணை வராதவரை நிர்வாகத்தில் அது கிராம ஊராட்சிதான். தெருவெல்லாம் மாடி வீடாக இருந்தும் குப்பை அள்ள ஆள் போதாத ஊர்கள் இப்படித்தான் உருவாகின்றன.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. நல்லதா, கெட்டதா ஐயா? (வேலூரை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு அம்மா)

வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் 1.86 லட்சம் பேர்தான். சுற்றி ஒட்டிய ஊர்களையும் சேர்த்தால் 4.8 லட்சத்துக்கு மேல். அதாவது ஊரின் பெரும்பகுதி ஊருக்கு வெளியே இருந்தது. சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்றவை உள்ளே வந்தது அதனால்தான். இன்று 60 வார்டுகள்.

உங்கள் கவலை நியாயமானது அம்மா. சேர்ந்துவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது, சொத்து வரியும் கூடும். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வருவதற்கு வருடங்கள் ஆகலாம். வயல் வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் பாதிக்கு மேல் இருந்தால், கிராமசபையில் எதிர்த்துப் பேசி, அதைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். வீட்டுமனைகளே மிஞ்சிய ஊர் என்றால் சேர்வதுதான் நல்லது என்பேன்.

மாவட்டத்தைப் பிரித்ததால் என்ன லாபம்? (அரக்கோணம்)

1989-ல் பழைய வடாற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்தில் 2011-ல் 39.36 லட்சம் பேர். 2019 நவம்பரில் அதை மூன்றாக்கினார்கள். அந்தக் கணக்குப்படி வேலூருக்கு 16.14 லட்சம், ராணிப்பேட்டைக்கு 12.10 லட்சம், திருப்பத்தூருக்கு 11.12 லட்சம். ஆனால் தலையை மட்டும் எண்ணிப் பிரித்ததல்ல இது. ஒரு மனு கொடுக்க அரக்கோணத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வேலூருக்கு வந்து, ஒரு நாள் கூலியை இழந்து, அதிகாரி இல்லாமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் குறைந்ததே பெரிய லாபம்.

நஷ்டமும் உண்டு. பிரித்த பிறகு வார்டு எல்லைகளைத் திருத்தி வரையும் வேலை முடியாததால் 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இந்த மூன்று மாவட்டங்களில் நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது.

வேலூர் மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தவர் மக்கள்தொகைக் கணக்கில் சேர்வார்களா?

சிகிச்சைக்காகச் சில நாள் லாட்ஜில் தங்குபவர் தன் சொந்த ஊர்க் கணக்கில்தான் வருவார். ஆனால் தண்ணீரும் குப்பையும் வேலூர்க் கணக்கு. மக்கள்தொகையை வைத்து நிதி பிரிக்கும்போது இந்த ஊருக்கு நடக்கும் அநியாயமாகவே இதைப் பார்க்கிறேன்.

வாலாஜாப்பேட்டை சின்ன ஊர்தானே, எப்படி நகராட்சி?

1866-லேயே நகராட்சி ஆன ஊர் அது. அப்போது நெசவும் வியாபாரமும் கொழித்த இடம். ரயில் ஊரைத் தொடாமல் தள்ளிப் போனது, வியாபாரமும் கூடவே போனது. நகராட்சி மட்டும் நின்றது.