பாட்டி ஏறிய ஃபெரி

கேள்வி: என் மகள் படிவம் இரண்டு படிக்கிறாள். பள்ளிக் காற்பந்துக் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறாள். "வெயிலில் கறுத்துப் போவாள், அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்கிறார் மாமியார். அவரே 1974இல் பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்து, இரவு ஷிஃப்டும் பார்த்தவர். பயிற்சி முடிந்து அவள் வீடு திரும்ப ஏழு மணிக்கு மேல் ஆகும் என்பது எனக்கும் பயம். படிவம் நான்கில் இருக்கும் மகன் பத்து மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை. அவன் சாப்பிட்ட தட்டையும் இவள்தான் கழுவுகிறாள். வீட்டில் சண்டை இல்லாமல் இவளைத் தைரியசாலியாக வளர்ப்பது எப்படி?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் எங்கே வேலை பார்த்தார் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது 1972இல். உங்கள் கரையையும் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறந்ததோ 1985இல். அப்படியென்றால் அவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித் தீவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து இரவு வேலைக்குப் போயிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தொழிற்சாலைப் பெண்களை 'மினா காரான்' (மின்சார மினா) என்று ஊர் கேலி பேசிய காலம் அது. இவளை யார் கட்டுவார்கள் என்று அன்றைக்கு அவரைப் பற்றியும் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாமியாரிடம் கதை கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் வாங்கிக்கொண்டார்கள், விடிகாலை ஃபெரியில் தூக்கம் வந்ததா என்று கேளுங்கள். நடுவில் "பார்த்தீர்களா அத்தை!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். பாட்டி பேசட்டும், பேத்தி கேட்கட்டும்.

நிறப் பேச்சுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மகள் காதுபட யார் சொன்னாலும், சிரித்த முகத்தோடு, "எங்கள் வீட்டு நிறமே அதுதான்" என்று அங்கேயே சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கிற களிம்புகளுக்குச் செலவாகும் பணத்தில் நல்ல காலணி ஒன்று வாங்கிவிடலாம். கல்யாணக் கவலைக்கும் இப்போது அவசரமில்லை, பிள்ளைக்குப் பதினான்கு வயது. பக்கத்துச் சுங்கைப்பட்டாணியில் பிறந்த சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) வீராங்கனை சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் மண்டையோடும் கழுத்தெலும்பும் முறிந்து கிடந்தவர். மறு ஆண்டே ஆசிய விளையாட்டில் சுவர்ப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றார். அந்தச் செய்திக்கு உங்கள் மாமியாரும் மகிழ்ந்திருப்பார். ஊரார் வீட்டுப் பெண் ஓடினால் பெருமை, நம் வீட்டுப் பெண் ஓடினால் கவலை!

உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்றுநரின் எண்ணை வாங்கி வையுங்கள். குழுவில் உள்ள மற்றப் பெண்களின் பெற்றோரோடு பேசி, ஆளுக்கொரு நாள் காரில் கூட்டி வர ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் அண்ணனைக் காவலுக்கு அனுப்பாதீர்கள். தனக்கு ஒரு காவலாள் வேண்டும் என்று அவளும், தானே அதிகாரி என்று அவனும் நினைக்கத் தொடங்குவார்கள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று இருவருமே சொல்லிவிட்டுப் போகட்டும். இரவில் அவனும் நேரத்தோடு வீடு வந்து சேரட்டும்.

அந்தத் தட்டு விஷயம். நாளையிலிருந்து அவன் தட்டை அவனே கழுவட்டும். பெரிய அறிவிப்பெல்லாம் வேண்டாம், "உன் தட்டு, தம்பி" என்றால் போதும். முதல் வாரம் முகம் சுளிப்பான், எண்ணெய்ப் பிசுக்கோடு வைப்பான். அவளோ நீங்களோ அதை எடுத்து மறுபடி கழுவக் கூடாது. இது அவளைவிட உங்களுக்குத்தான் சிரமமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே? தன் தாயிடம் பேச வேண்டியவர் அவர். அனுமதிப் படிவத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மாமியார் பார்க்கும்படி.

முதல் ஆட்டத்துக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். மறக்காமல் ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள். குடை மாமியாருக்கு.