அமெரிக்க அரசுப் பள்ளிகளின் மீத்திறன் மாணவர் (வயதுக்கு மீறிய திறன் உள்ளவர்) திட்டத்தில் பெற்றோருக்கு என்ன பங்கு?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு இருப்பதுபோல், மீத்திறன் மாணவர்களுக்கென நாடு முழுவதற்கும் கட்டாயச் சட்டம் அங்கே கிடையாது. 1988-இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் நிதி தருகிறது. தனி மாணவருக்கு உரிமை எதையும் தருவதில்லை.

பென்சில்வேனியாவில் நிலைமை பரவாயில்லை. பிள்ளையை மதிப்பிடும்படி பெற்றோரே எழுத்து மூலம் கேட்கலாம். தகுதி உறுதியானால் அந்த மாணவருக்கெனத் தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள். எழுதும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். உடன்பாடு இல்லையென்றால் நடுநிலை அலுவலர் முன் விசாரணை கோரலாம்.

அந்தக் குழுவின் கூட்டத்தில் "என் பிள்ளை மிகவும் கெட்டிக்காரன்" என்று தொடங்காதீர்கள். எல்லோரும் சொல்வது அதைத்தான். அவன் வீட்டில் தானாகப் போட்டுப் பார்த்த கணக்குகளையும் படித்து முடித்த புத்தகங்களின் பட்டியலையும் மேசையில் வையுங்கள். திட்டத்தில் "கூடுதல் சவால் தரப்படும்" என்ற வரி இருந்தால் விடாதீர்கள். எந்தப் பாடத்தில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் நடத்துவது என்று கேளுங்கள். முதலில் முடித்தவனுக்கு அதே மாதிரிக் கணக்கு இன்னும் 20 கொடுத்துவிட்டு, அதையே சவால் என்று சொல்வதும் நடக்கும் (பிள்ளைக்கு அது தண்டனைதான்).

தனியாகக் கேட்டு அலுத்துப்போனால், மற்றப் பெற்றோருடன் சேர்ந்து பள்ளி வாரியக் (வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு) கூட்டத்தில் பேசுங்கள்.